வேஷம் கட்டியவர்களிடம் ஒரு கேள்வி: வேலையை விட்டுக் கூத்தில் சேரலாமா?

சந்தூர்க்காரன்

வணக்கம். இங்கே கூத்து பார்ப்பவர்களும் ஆடுபவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர் பக்கம். ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். வீட்டில் அப்பா, அம்மா, கல்யாணமாகாத தங்கை. ரொம்ப காலமாக நின்றுபோயிருந்த பாரத விழாவை இந்த வருஷம் எங்கள் ஊரில் மறுபடி எடுத்தார்கள். ஊர்க்கூட்டம் போட்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலித்து, திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏற்றியாயிற்று. மதியம் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்து அர்த்தம் சொல்வார். ராத்திரி கூத்து. ஆட வந்தது வெளியூர் செட்டு. ஆனால் அந்தச் செட்டுக்குக் கூத்து சொல்லித்தரும் வாத்தியார், ஊர்ப் பையன்கள் நாலு பேராவது வேஷம் கட்டினால்தான் விழா ஊருடையது என்று பிடிவாதமாக நின்றார். எனக்கு ஆர்க்கெஸ்ட்ராவில் பாடின பழக்கம் உண்டு. அதனால் துகிலுரிதல் அன்றைக்கு விகர்ணன் வேஷம் என் தலையில் விழுந்தது.

விகர்ணன் துரியோதனனுடைய தம்பிகளில் ஒருத்தன். சபையில் பீஷ்மரும் துரோணரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்போது, இது அநியாயம் என்று எழுந்து சொல்பவன். கூத்தில் சின்ன வேஷம்தான். ஒரு விருத்தம், ஒரு பாட்டு, கொஞ்சம் வசனம். கர்ணன் அதட்டியதும் உட்கார்ந்துவிட வேண்டும்.

நான் பெரிய பக்தன் கிடையாது. காப்புக் கட்டியிருந்ததால் கறி சாப்பிடவில்லை, செருப்புப் போடவில்லை, அவ்வளவுதான். ஆனால் திரையை இறக்கி விருத்தத்தை எடுத்தபோது என்னமோ ஆகிவிட்டது. நடிக்கிறோம் என்ற நினைப்பே போய்விட்டது. இதை நான் இப்போது சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் பெரிய பாவம் என்று நிஜமாகவே பட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி “சொல்லு சாமி, நல்லாச் சொல்லு” என்றது இன்னும் காதில் இருக்கிறது. எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை, நிலத் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்த பெரியப்பா வீட்டில் கூப்பிட்டுக் காபி கொடுத்தார்கள்.

ஓசூர் திரும்பியபின் வேலையில் மனசு ஒட்டவில்லை. மெஷின் பக்கத்தில் நின்றால் வாய் தானாக அந்த விருத்தத்துக்குப் போகிறது. வாத்தியாருடைய போன் நம்பர் கையில் இருக்கிறது. இது தெய்வம் கூப்பிடுவதா, மைக் பிடித்த ஆசையா, எப்படித் தெரிந்துகொள்வது? செட்டோடு சேர்ந்துவிட்டால் பிழைக்க முடியுமா? கிண்டல் வேண்டாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோடு தக்காளி

பிழைக்க முடியாது. தெய்வமா ஆசையா என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே யோசிக்கலாம். தங்கை கல்யாணம் முடியட்டும் தம்பி.

முகவீணை

தம்பி, எங்கள் அப்பா பெண் வேஷக்காரர். திரௌபதி, பொன்னுருவி, சந்திரமதி எல்லாம் கட்டியவர். பெரியப்பா மத்தளம். நான் முகவீணை பழகி, அப்புறம் ஐடிஐ படித்து ஒயரிங் வேலைக்குப் போனவன். சீசனில் கூப்பிட்டால் இன்னும் போகிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

பிழைப்பைப் பற்றி முதலில். மாசியில் சிவராத்திரியை ஒட்டிச் சீசன் சூடு பிடிக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் தூக்கம் கிடையாது. ஆடியோடு அடங்கிவிடும். அதற்குப் பிறகு கருமாதி வீட்டுக் கூத்துதான். ஒரு ராத்திரிக்குப் பேசின பணத்தில் வண்டி வாடகை போக மிச்சத்தைப் பங்கு பிரித்தால் கையில் நிற்பது கொத்தனார் கூலிக்குப் பக்கத்தில் வரும், சில நாள் வராது. அன்பளிப்பை மைக்கில் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள், அது கூட்டத்தைப் பொறுத்தது. மழைக்காலத்தில் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிற அர்ச்சுனனையும், திருப்பூரில் பனியன் மடிக்கிற கிருஷ்ணனையும் எனக்குத் தெரியும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்கிக்கொள்ளலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் அந்த அட்டை அடுப்பை எரிக்காது.

உடம்பு இன்னொன்று. ராத்திரி பத்து மணிக்குக் களரியில், அதாவது கூத்து ஆடுகிற இடத்தில், இறங்கினால் விடிகிறவரை. மைக் வந்த பிறகும் ஐந்து கட்டைச் சுருதியில் ஆர்மோனியப் பெட்டி வைத்தால்தான் எங்கள் வாத்தியார்களுக்குத் திருப்தி. கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை, எடையே இல்லை என்பார்கள். அதைக் கட்டிக்கொண்டு வேகமாகச் சுழன்று கிறுகி அடித்துவிட்டு அப்புறம் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது நீ கேட்ட பெரிய விஷயம். எங்கள் வீட்டில் பக்தி என்று ஒரு பேச்சு நடந்ததே இல்லை. அப்பா கோயிலுக்குள் போய் உருகி நின்றதை நான் பார்த்ததில்லை. ஆனால் துகில் அன்றைக்குச் சேலையில் கை வைப்பதற்கு முன் துச்சாதனன் என்ன செய்வார் என்று நீயே பார்த்திருப்பாய். ஆட்டத்தை நிறுத்துவார். வேஷத்தை விட்டு வெளியே வந்து அம்மனைக் கும்பிட்டு, வயிற்றுப் பிழைப்புக்காக இதைச் செய்கிறேன், குற்றம் பொறு தாயே என்று வேண்டிக்கொள்வார். சூடம் காட்டுவார்கள். அடுத்த தாளத்தில் மறுபடி துச்சாதனன், அதே வெறியோடு. பெண்கள் அப்பா காலடியில் மஞ்சளும் வளையலும் கொண்டுவந்து வைப்பார்கள். அப்பா அதை வாங்குகிற நேரத்தில் அவர் முகம் எங்களுக்குத் தெரிந்த முகமாக இருக்காது. விடிந்ததும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அரிதாரம் கலைக்கத் தேங்காய் எண்ணெய் எங்கேடா என்று கத்துவார். உள்ளே வந்தது சாமியா நீங்களா என்று ஒரு தடவை கேட்டேன். எண்ணெயைக் கொண்டா என்றார்.

அதனால் பிரித்தறிகிற வேலையெல்லாம் எங்களிடம் கிடையாது. ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். கருமாதிக்குக் கர்ண மோட்சம் ஆடக் கூப்பிடுவார்கள். செத்தவருக்குக் கதி கிடைக்க வேண்டும் என்று வைப்பது. பந்தலில் பாதிப் பேர் அழுது களைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விசில் இல்லை, அன்பளிப்பு இல்லை, பேத்தி வீடியோ எடுக்கமாட்டாள். கர்ணன் குந்தி மடியில் கிடக்கிற இடம் வரும்போது அந்த வீட்டுக்காரி மட்டும் விழித்திருப்பாள். அவள் ஒருத்திக்காக முகாரியை ஒரு அடிகூட விழுங்காமல் பாட முடிகிறதா என்று போய்ப் பார். விகர்ணனாக ஊர் முன்னால் நின்றபோது எல்லாருக்கும்தான் சிலிர்க்கும்.

நூலகத்து மூலை

முகவீணை எழுதியதற்குப் பிறகு நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சந்தூர்க்காரர் படுகிற அவஸ்தை பழைய அவஸ்தை என்று சொல்ல ஆசை. அதியமான், ஔவை, பாணர் என்று ஆரம்பித்தால் தர்மபுரிக்காரன் புத்தி என்பீர்கள், அதனால் நூறு வருஷத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடி பக்கத்தில் பிறந்தவர். எமன், சனீஸ்வரன் மாதிரிப் பயங்கர வேஷங்களில் பெயர் வாங்கினார். அவருடைய சனீஸ்வர வேஷத்தைப் பார்த்துப் பயந்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது, அன்றோடு வேஷம் கட்டுவதையே விட்டார் என்று சொல்லப்படுகிறது. பிறகு நாடகமே வேண்டாம் என்று துறவியாகக் கிளம்பி முருகன் தலங்களைச் சுற்றினார். ‘சுவாமிகள்’ ஆனது அப்படித்தான். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைப் பிடித்து வைத்துப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்துதான் மறுபடி நாடகத்துக்கு வந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாட்டும் நடிப்பும் சொல்லிக் கொடுத்தார். 1922இல் புதுச்சேரியில் காலமானார். சாமியைத் தேடி நாடகத்தை விட்ட மனுஷன், மிச்ச வாழ்க்கையை நாடகத்துக்கே கொடுத்தார். துறவுக் கோலத்தையும் கலைக்கவில்லை.

இன்னொருவர் நவாப் ராஜமாணிக்கம். பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாபாக நடித்ததால் வந்த பெயர். அவருடைய தேவி பால விநோத சங்கீத சபா ஐயப்பன் நாடகம் போட்டு ஊர் ஊராகப் போனது. தமிழ்நாட்டில் இவ்வளவு பேர் மாலை போட்டுக்கொள்வதில் அந்த நாடகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதே மனிதர் இயேசுநாதர் நாடகமும் போட்டார். கம்பெனிக்குள் ஆசிரமக் கட்டுப்பாடு என்பார்கள்.

சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி என்றால் குடும்பம், குருகுலம் என்று உருகுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஏழைப் பிள்ளைகளை எழுதி வாங்கிக்கொண்டு போய் அடித்துப் பழக்கிய இடங்களும் அவற்றில் இருந்தன. ஆனால் வீடு இல்லாத பல பிள்ளைகளுக்கு அதுதான் வீடாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

எலத்தகிரி மணியோசை

நான் கிறிஸ்தவள். எங்கள் பக்கக் கதை கொஞ்சம் வேறு, ஆனால் கேள்வி அதேதான்.

நான் வளர்ந்த பங்கில் தவக்காலத்தில் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுவோம். பாட்டும் வசனமுமாக ராத்திரி முழுக்க ஓடும். எனக்குக் கல்லூரி முடிக்கிற வயதில் வெரோணிக்கா வேஷம். ஏசுவின் முகத்தைத் துணியால் துடைப்பது மட்டும்தான் வேலை, வசனம்கூடப் பெரிதாக இல்லை. ஏசுவாக நடித்தது எங்கள் தெரு டிராக்டர் டிரைவர். அவர் நிஜமாகவே வியர்த்து, சிலுவை உராய்ந்து தோளில் ரத்தம் கட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நான் துடைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு இறையழைத்தல் வந்துவிட்டது என்று உறுதியாக நம்பி மடத்தில் சேர்ந்தேன்.

அங்கே இருந்த மூத்த சகோதரி ஒருவர் என்னை முதியோர் இல்லத்து வேலைக்குத்தான் போட்டார். பாட்டிகளுக்கு முகம் துடைத்துவிடுவது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, மடத்து வாழ்க்கை பிடிக்கவில்லை. வெளியே வந்தேன், கல்யாணம் ஆயிற்று. இப்போது பாடகர் குழுவும் மறைக்கல்விப் பிள்ளைகளின் நாடகமும் என் பொறுப்பு. வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போய் ஒரு பாட்டுப் பாட வைப்பேன். எனக்குக் கிடைத்த அழைப்பு இந்த அளவில் இருக்கிறது. இதற்கு எந்தச் சீருடையும் இல்லை.

ஜெர்மனியில் ஓபராமர்கவ் என்று ஒரு மலைக் கிராமம். 1633இல் கொள்ளைநோய் வந்தபோது, எங்களைக் காப்பாற்றினால் ஆண்டவருடைய பாடுகளை நாடகமாகப் போடுகிறோம் என்று ஊரே நேர்ந்துகொண்டது. 1634இல் முதல் நாடகம். இன்றைக்கும் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை போடுகிறார்கள். கொரோனாவால் 2020இல் நடக்க வேண்டியது 2022இல் நடந்தது. அந்த ஊரில் பிறந்தவர்கள், இல்லாவிட்டால் இருபது வருஷம் அங்கே குடியிருந்தவர்கள்தான் நடிக்க முடியும். ஆண்கள் ஒரு வருஷத்துக்கு மேலாக முடியும் தாடியும் வெட்டமாட்டார்கள். நம் ஊர் நேர்த்திக்கடன் புத்திதான்.

ஆனால் அந்த நாடகத்தில் யூதர்களை ரொம்பக் காலம் பேய் மாதிரிக் காட்டினார்கள். ஹிட்லர் 1934இல் வந்து பார்த்துப் பாராட்டும் அளவுக்கு. அப்புறம் யூத அமைப்புகள் எதிர்த்துக் கேட்டு, ஊருக்குள்ளேயே சண்டை நடந்து, வசனத்தைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினார்கள். கல்யாணமான பெண்களும் முப்பத்தைந்து தாண்டியவர்களும் நடிக்கக் கூடாது என்ற விதி 1990இல் கோர்ட் சொல்லித்தான் போனது. 2022இல் யூதாஸாக நடித்தவர் ஒரு முஸ்லிம் இளைஞர். நேர்ச்சை சாமியோடு செய்துகொண்டது. யார் யார் ஊர்க்காரர் என்பதை ஊர்தான் முடிவு செய்தது, அதற்குத்தான் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அரூர் ரோடு

“எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தெரு எங்கே உட்கார்ந்திருந்தது?

கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்ததை எல்லாரும் படித்திருப்பீர்கள். தலித்துகள் உள்ளே வந்து கும்பிடக் கூடாது என்ற தகராறு. அடுத்த வருஷம் மார்ச்சில் ஐகோர்ட் உத்தரவில் பூஜைக்குத் திறந்தார்கள். உங்கள் சபையில் சேலை உரியப்பட்ட அதே அம்மன்தான். ஐந்து புருஷன்மாரும் பாட்டன் பீஷ்மரும் வாத்தியார் துரோணரும் பார்த்துக்கொண்டிருக்க, என் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட அம்மன்.

எங்கள் காலனியில் எங்களுக்கென்று ஒரு செட்டு உண்டு. எங்கள் மாரியம்மன் பண்டிகைக்கு நாங்களே ஆடிக்கொள்வோம். நாங்கள் விரும்பிப் போடுவது அரிச்சந்திரன் மயான காண்டம். நான் சுடுகாட்டுத் தலைவன் வீரபாகு கட்டுவேன். ராஜா எங்களிடம் வேலைக்கு வந்து, நாங்கள் சொன்னபடி பிணம் எரிக்கிற ஒரே நாடகம். அரிச்சந்திரன் கட்டுகிற பையன் “ஆண்டே” என்று என்னைக் கும்பிடும்போது, அந்தப் பக்கம் வயதானவர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். சிலர் அழுவார்கள். பக்தி என்றால் என்ன என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்கு அது அந்த இடத்தில் வருகிறது.

பாலக்கோடு தக்காளி

கூத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாவற்றிலும் சாதியா?

அரூர் ரோடு

நாங்கள் கொண்டுவரவில்லை அண்ணா. அது களரி போடும்போதே இருக்கிறது.

மட்டுறுத்துநர்

இதற்குக் கீழே வந்த சில பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் கணக்கு முடக்கப்படும். இழை திறந்தே இருக்கும்.

சந்தூர்க்காரன்

அரூர் ரோடு அண்ணா, ஊருக்குப் போன் செய்து விசாரித்துவிட்டே எழுதுகிறேன். களரி கோயிலுக்கு எதிரில். காலனிக்காரர்கள் ஏரிக்கரைப் பக்கம் நின்று பார்த்தார்கள். தலைக்கட்டு வரி அவர்களிடம் வாங்கவில்லை. பாவம், கஷ்டப்படுகிறவர்கள் என்று விட்டுவிட்டோம் என்கிறார் ஊர்ப் பெரியவர். வரி கொடுத்தவன்தான் விழாவில் பாத்தியதை கேட்க முடியும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். கொடி ஏறியதிலிருந்து தீமிதி வரை பறை அடித்தது அந்தத் தெருக்காரர்கள்.

அடுத்த வருஷம் வரி எல்லாரிடமும் வாங்கச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் பேசப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். உனக்கெதுக்கு வம்பு என்றார்.

முகவீணை

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

நாங்களும் ஊரில் உயர்ந்த சாதி கிடையாது. துணி வெளுத்த குடும்பம். ராத்திரி தர்மராஜா பட்டாபிஷேகத்தில், தர்மராஜா வேஷம் கட்டிய பெரியப்பா மகன் காலில் பண்ணையக்காரர் குடும்பத்தோடு விழுவார், திருநீறு வாங்கிக்கொள்வார். மறுநாள் கூலி கேட்கப் போனால் அதே வீட்டில் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும். அப்பா காலம் முழுக்க அப்படி. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. அப்பாவுக்கு இருந்ததா என்று தெரியாது. அவர் சொல்வது, ராத்திரி விழுந்தானா இல்லையா?

செட்டுக்குள்ளே வேறு கணக்கு. எங்கள் செட்டில் மூன்று நாலு சாதிக்காரர்கள். ஒரே கண்ணாடியில் பார்த்து முத்துவெள்ளை பூசிக்கொண்டு, ஒரே பாயில் உருண்டு, ஒரே பானைக் களியை உருட்டித் தின்பவர்கள். ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் தோள் கொடுக்காமல் இருந்ததில்லை. சந்தூர்த் தம்பி தேடுகிற கூட்டம் அங்கே இருக்கிறது. கோயில் வாசலில் அது நின்றுவிடுகிறது.

பர்கூர் வாசகி

விகர்ணன் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. கர்ணன் அதட்டியதும் உட்கார்ந்தது, கடைசியில் அண்ணன் பக்கமே நின்று போர் செய்து பீமன் கையால் செத்தது, இதையெல்லாம் யாரும் பாடுவதில்லை. அடுத்த ஊர்க்கூட்டத்தில் யாராவது அதட்டினால் உட்காராதீர்கள் சந்தூர்க்காரரே.

அப்புறம், பாட்டியும் அம்மாவும் மஞ்சள் வளையல் வைத்தார்கள், அழுதார்கள் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். வேஷம் கட்டுவதில் மட்டும் எங்களைக் காணோம். எங்கள் அம்மா அர்ச்சுனன் தபசு அன்றைக்கு ஈரச் சேலையோடு தபசு மரத்தின் கீழே உட்கார்ந்து, மேலேயிருந்து அர்ச்சுனன் எறிந்த எலுமிச்சம்பழத்தை மடியில் ஏந்தி, அதைத் தின்று என்னைப் பெற்றவர். அந்தக் கணக்கில் கூத்தில் எனக்கு உங்கள் எல்லாரையும்விட நெருங்கிய சம்பந்தம். ஆனால் எட்டாம் வகுப்பில் வாத்தியாரிடம் போய் நானும் கற்றுக்கொள்கிறேன் என்றபோது, பொம்பளைப் பிள்ளை விரதம் காக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்.

முடியாதது ஒன்றும் இல்லை. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் படித்தார்கள். துரியோதனன், கர்ணன் என்று மரக்கட்டை அணிகலன் பூட்டுகிற கட்டை வேஷமே கட்டினார்கள். 2020இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது, ஆனால் அங்கே படித்தவர்கள் ஆடுகிறார்கள். மேடையில் ஒரு பெண் கிறுகி சுற்றி நிற்கும்போது எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

எலத்தகிரி மணியோசை

தங்கச்சி, எலுமிச்சம்பழம் அருமை. எங்கள் பாஸ்காவிலும் மாதா வேஷம் ரொம்ப வருஷம் ஒரு மீசை எடுத்த அண்ணன்தான் போட்டார்.

ஓசூர் பி-ஷிப்ட்

சந்தூர்க்காரர் பக்கத்து கம்பெனியாகக்கூட இருக்கலாம். நான் பெங்களூரில் இருந்தபோது சித்திரைப் பௌர்ணமி கரகம் பார்க்கப் போவேன். தர்மராயசாமி கோயிலிலிருந்து ராத்திரி கிளம்பும். கரகம் தூக்குபவர் திரௌபதியாகப் பெண் கோலத்தில் வருவார், சுற்றிலும் வீரகுமாரர்கள் கத்தியோடு. தலைமுறை தலைமுறையாகத் திகளர் குடும்பங்கள் செய்வது. அந்த ஊர்வலம் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுவிட்டுத்தான் போகும். நம் பக்கத் திரௌபதி கோயில் சிலவற்றிலும் காவல் தெய்வம் போத்துராஜாவோடு முத்தால ராவுத்தர் என்று ஒரு முஸ்லிம் காவல்காரர் நிற்பார். வாசல் யாருக்கு என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

நடைமுறைக்கு வருகிறேன். தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கக் கிராமங்களில் தெலுங்கிலும் கன்னடத்திலும் நாடகம் போடுகிற ஊர்ப் பையன்கள் நிறைய. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்தான். வாத்தியாரை வரவழைத்து மாசக்கணக்கில் ராத்திரியில் ஒத்திகை பார்த்து, அரங்கேற்றம் செய்வார்கள். ஒரு வேஷத்துக்கு இவ்வளவு என்று கையிலிருந்து போட்டுத்தான் ஆடுகிறார்கள். சம்பளத்துக்கு ஆடும் செட்டு ஒரு வழி, இது ஒரு வழி. வேலையை விட்டால்தான் கூத்து என்று யார் சொன்னது? ஷிப்டை மாற்றிக்கொள்ள ஒரு நல்ல சூப்பர்வைசர் போதும்.

சந்தூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. வாத்தியாருக்குப் போன் செய்தேன்.

செட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், என்ன வேஷம் வேணும் உனக்கு என்றார். எது கொடுத்தாலும் சரி என்றேன். திரை பிடிக்க ஆள் இல்லை, பிடிக்கிறாயா என்றார். திரை பிடிப்பவர் முகம் யாருக்கும் தெரியாதே என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. வேலையை விடட்டுமா என்று கேட்டதற்குத் திட்டினார். என் பிள்ளையையே நான் பாலிடெக்னிக் அனுப்பினேன், உங்கள் அப்பா என் வீட்டுக்கு வந்து சண்டை போடணுமா என்றார். சீசன் இல்லாத நாளில் சனிக்கிழமை வந்து தங்கு, நோட்டைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள், போனில் போட்டோ எடுக்காதே என்று சொல்லியிருக்கிறார்.

ஊர் விஷயம்: வரி பற்றி ஊர்ப் பெரியவரிடம் தனியாகப் பேசினேன். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். காலனியில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர், வரி கொடுக்கத் தயார், ஆனால் களரிக்கு முன்னால் உட்காருவோம் என்கிறார்கள். ஊர்க்கூட்டம் தை மாசம்.

அரூர் ரோடு

தை மாசம் என்ன ஆயிற்று என்று இங்கேயே வந்து எழுதுங்கள். நல்லபடி நடந்தாலும் எழுதுங்கள், நடக்காவிட்டாலும் எழுதுங்கள். எங்கள் மயான காண்டம் மாரியம்மன் பண்டிகையில் இருக்கிறது. திரை பிடிக்க எங்களிடமும் ஆள் குறைவுதான்.

முகவீணை

திரை பிடிப்பதைச் சாதாரணமாக நினைக்காதே. வேஷக்காரன் திரைக்குப் பின்னால் பாடுகிற விருத்தத்தில் எந்த அடியில் இறக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் பிடிக்க முடியும். எல்லா நாடகமும் அதில் மனப்பாடம் ஆகிவிடும்.

தொண்டைக்கு: காலையில் வெறும் வயிற்றில் ஆர்மோனியத்தில் சட்ஜத்தைப் பிடித்து நில். ஆர்க்கெஸ்ட்ரா மாதிரி மைக்கை வாயில் வைத்துக்கொண்டு பாடிய பழக்கத்தை விடு. அடி வயிற்றிலிருந்து வர வேண்டும்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கருமாதி வந்திருக்கிறது. இந்த சனி ராத்திரி கர்ண மோட்சம். கைத்தாளத்துக்கு ஆள் வேண்டும். ஷிப்ட் இல்லையென்றால் வா, பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் செய்தி அனுப்பு.

பர்கூர் வாசகி

பின்பாட்டுக்கு ஆள் வேண்டாமா அண்ணா? மோகனமும் முகாரியும் எனக்கு நன்றாக வரும். விரதமும் வரும்.

முகவீணை

வாத்தியாரைக் கேட்கிறேன் அம்மா. மாட்டேன் என்றால் நானே சண்டை போடுகிறேன். உட்காரமாட்டேன்.

பாலக்கோடு தக்காளி

தம்பி, சனிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. சொல்லாமல் போனால் ஞாயிறும் சேர்த்து சம்பளம் பிடிப்பார்கள்.